பொலிஸ் முறைப்பாடா, பாதுகாப்புக் கட்டளையா: வீட்டை விட்டு யார் வெளிக்கிடுவது?

அடிக்கிற கணவனிடமிருந்து தப்ப ஒரு பெண்ணுக்கு இலங்கைச் சட்டத்தில் மூன்று வழி இருக்கிறது: திருப்பி அடித்துத் தற்காத்துக்கொள்வது, பொலிஸ் முறைப்பாடு, பாதுகாப்புக் கட்டளை. அக்காவுக்காக நாங்கள் கடைசியில் போனது நீதவான் நீதிமன்றத்தின் பாதுகாப்புக் கட்டளைக்கு. மற்றவர்களுக்கும் அதைத்தான் சொல்லி வருகிறேன்.

"நீயும் ரெண்டு குடுத்திருக்கலாமே புள்ள" என்று ஊரில் சொல்லாதவர் இல்லை. தன் உடலைக் காக்கும் உரிமையைத் தண்டனைச் சட்டக்கோவை எல்லோருக்கும் தந்திருக்கிறது. எதிரில் நிற்பவன் கணவன் என்பதால் அது குறைவதில்லை. ஆனால் ஆபத்து பற்றிய நியாயமான பயம் இருக்கும் வரைதான் அந்த உரிமை. அவன் அடித்து ஓய்ந்து படுத்த பிறகு கை ஓங்கினால் தற்காப்பு ஆகாது. தேவைக்கு மிஞ்சிய காயமும் அப்படித்தான். தற்காப்புத்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பையும் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு அவள் தலையிலேயே வைக்கிறது. அப்படியொரு வழக்கை நான் கிட்ட நின்று பார்த்ததில்லை, அதனால் இதற்குமேல் சொல்லமாட்டேன்.

கத்தி, வெட்டு, எலும்பு முறிவு என்றால் யோசிக்கவே வேண்டாம்: பொலிஸின் 119, ஆஸ்பத்திரி, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை. சிறு காயம் என்றால் முறைப்பாடு, இரு பக்கத்தையும் பேசிச் சமாதானப்படுத்தும் இணக்க சபைக்குப் போய்விடலாம். அக்காவின் முறைப்பாடு அங்கே "இனி அடிக்கமாட்டன்" என்ற ஒரு வார்த்தையோடு முடிந்தது. அடுத்த அடிக்கு அவள் பிள்ளைகளோடு எங்களிடம் வந்துவிட்டாள். அத்தான் அவளுடைய சீதன வீட்டில் இருந்தார்.

எனக்கு இதுதான் முழு விஷயமும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. தாய் தகப்பன் கட்டி, வீட்டின் உறுதிப் பத்திரத்தை மகள் பேரில் எழுதிக் கொடுக்க, மருமகன் அங்கே வந்து குடியிருப்பான். அப்படியிருந்தும் அடி விழுந்தால் உடுப்புப் பையோடு வெளிக்கிடுவது அவள்தான். பள்ளிக்கூடம், ஆடு கோழி, தையல் மெசின் எல்லாம் அங்கே கிடக்கும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், சேர்ந்து வாழும் வீட்டுக்குள் அவன் வரக்கூடாது என்று நீதிமன்றம் கட்டளையிடலாம். அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போகவும் தடை போடலாம். இரு பக்கத்தின் இருப்பிடக் கஷ்டத்தையும் நீதவான் பார்ப்பார், ஆகவே கேட்டதும் கிடைக்கும் என்றில்லை. உறுதி அவன் பேரில் இருந்தாலும் கேட்கலாம். ஆனாலும் எங்கள் சட்டத்தரணி முதலில் கேட்டது உறுதியின் பிரதியைத்தான்.

விண்ணப்பத்தோடு கொடுக்கும் சத்தியக்கடதாசியை எழுதும்போது அடி விழுந்த திகதிகள் வேண்டும். அக்காவுக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் "கண்ணகி அம்மன் சடங்கு முடிஞ்ச இரவு", "மகள்ட புலமைப்பரிசில் சோதினைக்கு முதல் நாள்". கலண்டரை விரித்துவைத்து ஒவ்வொன்றாகப் பொருத்தினோம். உடலில் பட்ட அடி மட்டுமல்ல, மிரட்டலும் மனதளவிலான கொடுமையும் இந்தச் சட்டத்தில் அடங்கும், அவற்றையும் எழுதுங்கள்.

அவசரம் என்று கண்டால் நீதவான் உடனே இடைக்காலக் கட்டளை தரலாம். 14 நாளுக்குள் விசாரணை. பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை நிற்கும். அவளால் முடியாவிட்டால் அவளுக்காகப் பொலிஸாரே விண்ணப்பிக்கலாம். "அவர ஜெயிலுக்கு அனுப்பிட்டனே" என்ற பழிக்குப் பயந்து பின்வாங்கும் பெண்களுக்கு ஒன்று: கட்டளை கிடைத்ததால் அவன் குற்றவாளி ஆவதில்லை. அதை மீறினால்தான் குற்றம். ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும்.

காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கத்துச் சகோதரிகளும் முஸ்லிம் திருமண விஷயங்களைப் பார்க்கும் காதி நீதிமன்றத்தோடு நிற்கத் தேவையில்லை. இந்தச் சட்டம் எல்லாச் சமயத்தவருக்கும் பொது.

குறையும் உண்டு. கடதாசி கதவைப் பூட்டாது. மீறினால் பொலிஸுக்கு யாராவது அறிவிக்க வேண்டும். அக்கா கட்டளையின் ஒரு பிரதியைத் தன் கைப்பையிலும் இன்னொன்றைப் பக்கத்து வீட்டு மாமியிடமும் வைத்திருக்கிறாள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 1938க்கு அழையுங்கள், பெண்களுக்கான அரச உதவி இலக்கம் அது.