கிளைடருக்கான சக்கர எச்சரிக்கைக் கருவி: ஒரு பருவம் பயன்படுத்திய பின்

இங்கிலாந்தில் நாங்கள் மூவர் கூட்டாக வைத்திருக்கும் ஒற்றை இருக்கைக் கிளைடரில் (எஞ்சின் இல்லாத விமானம்), சக்கரத்தை இறக்க மறந்து தரையிறங்குவதைத் தடுக்கும் கருவி ஒன்றைப் பொருத்தி ஒரு பருவம் பறந்திருக்கிறோம். இரண்டு காந்த சுவிட்சுகள், ஒரு பஸ்ஸர், ஒரு சிவப்பு விளக்கு, ஒரு சோதனைப் பொத்தான், 12 வோல்ட் மின்இணைப்பு ஆகியவை மட்டுமே இதில் உள்ளன. ஏர்பிரேக்கின் (இறக்கையிலிருந்து எழுந்து, கிளைடரை வேகமாக இறங்கச்செய்யும் தகடு) பூட்டு விடுபட்டிருந்து, சக்கர லீவர் இறக்கிய நிலையில் பூட்டப்படாதிருந்தால் பஸ்ஸர் ஒலிக்கும்.

ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டரின் ஒலியோடு குழம்பாத கூர்மையான ஓசை என்பது இதன் முதல் சிறப்பு. குறை, அது ஒலிக்கும் நேரம். ஏர்பிரேக்கைப் பெரும்பாலும் இறுதி அணுகலில்தான், அதாவது ஓடுபாதையை நோக்கி நேராக இறங்கும் கடைசிக் கட்டத்தில்தான், திறக்கிறோம். எங்கள் கிளைடரில் சக்கர லீவர் வலப்புறம் இருப்பதால், இடக்கையை ஏர்பிரேக்கிலிருந்து எடுத்துக் கட்டுப்பாட்டுத் தண்டைப் பிடித்து, வலக்கையால் சக்கரத்தை இறக்க வேண்டும். தரைக்கு மிக அருகில் இந்தக் கைமாற்றத்தில் இறங்கினால் விமானம் மூக்குக் குத்தி விழலாம். அதைவிட வயிற்றாலேயே மென்மையாக இறங்கிவிடுவது மேல், ஏனெனில் சிராய்ந்த அடிப்பாகத்தைச் சரிசெய்துவிடலாம், முதுகெலும்பு அப்படியல்ல.

ஆகவே தரையிறங்கும் முன் சரிபார்க்க பிரிட்டிஷ் கிளப்புகளில் சொல்லித்தரும் ‘வுல்ஃப்’ பட்டியலை (ஆங்கில முதலெழுத்துகளால் ஆன பெயர்: நீர்ச்சுமை, சக்கரம், கட்டப்படாத பொருள்கள், இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஃபிளாப்) இக்கருவி மாற்றீடு செய்துவிடாது. ஆனால் அந்தப் பட்டியலுக்கும் ஓர் ஓட்டை உண்டு: புறப்பட்டபின் சக்கரத்தை உள்ளிழுக்க மறந்தவர், தரையிறங்குவதற்கு முந்தைய சுற்றுக்கு வந்ததும் பழக்கத்தில் லீவரை நகர்த்தி, இறங்கியிருந்த சக்கரத்தையே மேலே ஏற்றிவிடுவார். லீவரை நகர்த்தியதை நம்பாமல் அதன் பக்கத்திலுள்ள படக்குறியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரி. பார்க்கத் தவறியவரை இந்தக் கருவி பிடித்துவிடுகிறது.

பொருத்துவதில் நாங்களே ஒரு தவறு செய்தோம். காந்தத்தைச் சற்று முன்னால் ஒட்டியதால், லீவர் பூட்டுக்குள் முழுமையாக விழாதபோதும் பஸ்ஸர் அமைதியாக இருந்தது. செய்முறைக் கையேடு இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

சோதனைப் பொத்தான் பஸ்ஸரை மட்டுமே சோதிக்கிறது. கிளைடர் தன் சக்கரத்தின் மேல் நிற்கும்போது சக்கரத்தை ஏற்றிப் பார்க்கவும் வழியில்லை. அதனால் இழுவை விமானத்திலிருந்து விடுபட்டுச் சக்கரத்தை உள்ளிழுத்தபின், 2,000 அடியில் ஏர்பிரேக் பூட்டை ஒரு கணம் விடுவித்து, ஒலி வருகிறதா என்று ஒவ்வொரு பறப்பிலும் கேட்டுக்கொள்கிறோம்.