கையெழுத்துப் போடுமுன் ஒரு பதிப்பகம்

"பாதிச் செலவு உங்களுடையது, பாதி எங்களுடையது சார்" என்றார் பதிப்பக மேலாளர். 160 பக்கச் சிறுகதைத் தொகுப்புக்கு என் பங்கு 42,000 ரூபாய், 300 பிரதி. அவர்கள் போட்ட இரண்டு புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கிப் பார்த்தேன். அட்டையும் தாளும் அருமை. ஆனால் ஒன்றில் முதல் கதையிலேயே ஏழு ஒற்றுப்பிழை. மெய்ப்பு பார்ப்பது யார் என்று கேட்டேன், பதில் இல்லை.

ஒப்பந்தத்தைப் படித்தபோதுதான் திக்கென்றது. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு 3,000 ரூபாயாம். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது, எழுதியவரே விண்ணப்பிக்கலாம். என் கதைகளின் உரிமை எவ்வளவு காலம் அவர்களிடம் இருக்கும் என்று எழுதப்படவே இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டு. மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம், சினிமா உரிமை மூன்றும் ஒரே வரியில் அவர்களுக்கு. அச்சுக்கு நான் பணம் கொடுக்கும்போது சினிமா உரிமை அவர்களுக்கு எதற்கு?

ராயல்டி 'நிகர வருவாயில்' 50 சதவீதம். 200 ரூபாய்ப் புத்தகம் விற்றால், கடைக் கழிவெல்லாம் போக என் கைக்கு எவ்வளவு வரும் என்று எழுதித் தரச் சொன்னேன். மூன்று வாரமாகிறது, வரவில்லை. அந்தத் தாள் வராமல் கையெழுத்துப் போடமாட்டேன்.