பத்து வருடம் பெட்டியில் கிடந்த மாடல் விமான எஞ்சின்: மறுபடி ஓடவிட்ட மூன்றரை வருட அனுபவம்

2011-இல் மழைக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாடல் விமானத்தைக் கடைசியாகப் பறக்கவிட்டேன். எஞ்சினின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, பனியன் துணியில் சுற்றி ஷூ பெட்டியில் வைத்தேன். அடுத்த வாரமே எடுப்போம் என்ற நினைப்பில் உள்ளே எண்ணெய் விடவில்லை. அப்புறம் வேலை, வீடு மாற்றம், குழந்தை. அந்த ஓ.எஸ். 46 எஃப்எக்ஸ் எஞ்சினை நான் மறுபடி கையில் எடுத்தது 2021-இல். வீடு சென்னையில், கடலுக்கு அரை மணி நேரத் தொலைவில். ப்ரொப்பெல்லரைப் பிடித்துத் திருப்பினேன். அசையவே இல்லை.

முதலில் வந்த ஆசை, ஸ்பேனர் போட்டு ஒரே திருப்பாகத் திருப்பிவிடுவதுதான். நல்லவேளை, என்னோடு பறக்கவிட்ட மூத்த நண்பர் ஒருவருக்கு அதற்கு முன் போன் செய்தேன். "தம்பி, கை வைக்காதீங்க, முதல்ல சூடு காட்டுங்க" என்றார். அவர் சொன்னதால்தான் கனெக்டிங் ராடு (பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கம்பி) வளையாமல் தப்பியது.

மாடல் எஞ்சின் எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால். அதோடு கொஞ்சம் நைட்ரோமெத்தேன், 18 முதல் 20 சதவீதம் வரை எண்ணெய். எண்ணெயில் விளக்கெண்ணெய் கலந்திருந்தால் உராய்வுக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் ஓட்டிவிட்டு அப்படியே வைத்தால் காலப்போக்கில் அது வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். பெரும்பாலும் எஞ்சின் பிடித்துக்கொள்வது இந்தப் பிசினால்தான், உலோகம் கெட்டுப்போனதால் அல்ல. பிசின் சூட்டுக்கு இளகும், மெத்தனாலில் கரையும். கார்புரேட்டரையும் க்ளோ பிளக்கையும் (சூடான கம்பியால் எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்) கழற்றிவிட்டு, ஹேர் டிரையரால் பத்து நிமிடம் சூடுபடுத்தி, பிளக் துளை வழியாகவும் கார்புரேட்டர் வாய் வழியாகவும் கொஞ்சம் எரிபொருள் விட்டு ஒரு இரவு வைத்தேன். மறுநாள் மறுபடி சூடு. மூன்றாவது முறை கையால் மெதுவாக அசைத்தபோது இளகிக் கொடுத்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 46 எஃப்எக்ஸில் பிஸ்டன் வளையம் கிடையாது. அலுமினிய பிஸ்டன், அது ஓடும் உருளையாக நிக்கல் பூசிய பித்தளை லைனர். லைனர் மேலே போகப்போகக் கொஞ்சம் குறுகும். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் இறுக்கமாகப் பிடிப்பதும் கீச்சென்று சத்தம் வருவதும் இயல்பு. சூடானதும் லைனர் விரிந்து சரியான இடைவெளி வந்துவிடும். இது தெரியாமல் "இன்னும் டைட்டா இருக்கே" என்று லைனரை உப்புத்தாளால் தேய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதோடு கம்ப்ரஷன் போய்விடும், திரும்ப வராது.

சுழன்றது, ஆனால் மணல் அரைப்பது போலச் சுழன்றது. பின்பக்க மூடியைக் கழற்றினால் பின் பேரிங் முழுக்கத் துரு. மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். எரிந்த நைட்ரோமெத்தேன் விட்டுச்செல்லும் அமிலம் வேறு. நம் கடலோரக் காற்றில் பத்து வருடத்துக்கு அது போதும். தவறு என்னுடையது, எஞ்சினுடையது அல்ல.

பேரிங் மாற்றுவது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. ரப்பர் பாகங்களை எல்லாம் எடுத்துவிட்டு, சமையலுக்குப் பயன்படாத பழைய ஓவனில் கிராங்க்கேஸை (எஞ்சினின் உடல் கூடு) சுமார் 150 டிகிரிக்குச் சூடாக்கினேன். ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டை மரக்கட்டை வைத்துத் தட்டி வெளியே எடுத்தேன். பிறகு கேஸை மரப்பலகையில் தட்டியதும் பேரிங் தானாகவே விழுந்தது. பக்கவாட்டில் பொறித்திருந்த நம்பரைக் காட்டி, அதே அளவில் ஒன்று வாங்கினேன். பின் பேரிங்குக்கு ரப்பர் மூடி இருக்கக் கூடாது, எரிபொருளில் வரும் எண்ணெய்தான் அதற்கு உயவு. புதிய பேரிங்கை ஃப்ரீசரில் வைத்து, கேஸை மறுபடி சூடாக்கி, உள்ளே விட்டதும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அடிக்க வேண்டிய வேலையே இல்லை.

வெளிப்பக்கக் கருப்புக் கறைக்குச் சிலர் கார் கூலன்டில் மணிக்கணக்கில் சூடுபடுத்துவார்கள். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம், இனிப்பாக வேறு இருக்கும். வீட்டில் குழந்தையும் நாயும் இருப்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. கறை இருந்துவிட்டுப் போகட்டும்.

பழைய கேனில் மிச்சமிருந்த எரிபொருளைப் பயன்படுத்தவில்லை. பல வருடம் ஈரம் இழுத்த மெத்தனாலில் ஐட்லிங் (குறைந்த வேக ஓட்டம்) நிலைக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மெத்தனால் கண்ணையும் உயிரையும் பறிக்கும் பொருள். 2024-இல் கள்ளக்குறிச்சியில் நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பெயர் எழுதிய கேன், பூட்டிய அலமாரி, இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பத்து சுற்று கையால் சுற்றுங்கள். சிலிண்டரில் தேங்கிய திரவத்தோடு எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரை வைத்தால் ராடு வளைந்துவிடும். பழைய ப்ரொப்பெல்லரையும் நம்பவேண்டாம்; புதிது போடுங்கள்.

ப்ரொப்பெல்லரைத் தட்ட, எஞ்சின் நாலாவது தட்டிலேயே ஸ்டார்ட் ஆனது. ஆனால் பிளக்கின் பேட்டரி கிளிப்பை எடுத்ததும் நின்றது. பிளக் கம்பி பிரகாசமாகத்தான் சிவந்தது, அதனால் பிளக் மேல் சந்தேகமே வரவில்லை. ஆனால் சிவந்தால் மட்டும் போதாது. கம்பியில் உள்ள பிளாட்டினத்தின் மேற்பரப்பில் மெத்தனால் வினைபுரிவதால்தான் பேட்டரி இல்லாமலும் அது சூடாகவே இருக்கிறது. மேற்பரப்பு அழுக்கேறிப்போனால் அந்த வேலை நடக்காது. புதுப் பிளக் போட்டதும் சரியானது. எதையும் ஆராய்வதற்கு முன் பிளக்கை மாற்றிப் பார்ப்பதுதான் இப்போது என் வழக்கம்.

என்னை உண்மையில் அலையவைத்தது அடுத்த பிரச்சினை. தரையில் அருமையாக ஓடும். விமானம் மூக்கைத் தூக்கி ஏறினால் சத்தம் கூர்மையாகி, திடீரென்று நின்றுவிடும். இரண்டு மாதம், ஒவ்வொரு ஞாயிறும், நீடிலை (கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திறப்பதும் மூடுவதுமாகவே போனது. இரண்டு முறை எஞ்சின் நின்ற விமானத்தைக் காய்ந்த வயலில் இறக்கினேன். கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தேன். அதன் அடிப்பகுதி ஓரிங்கில் (ரப்பர் வளையத்தில்) காற்று கசிகிறதா என்று, ஓடும்போது பின்னால் நின்றபடி அங்கே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்த்தேன். சத்தம் மாறவில்லை, ஓரிங் நல்லபடியாகவே இருந்தது. கடைசியில் எரிபொருள் குழாயைக் கூர்ந்து பார்த்தபோது சின்னச் சின்னக் குமிழிகள். டேங்கைத் திறந்தால், உள்ளே, எரிபொருள் இருக்கும் பக்கம் சாய்வதற்காக எடைக்குண்டு தொங்கும் சிலிகான் குழாய், பித்தளைக் குழாயில் மாட்டும் இடத்தில் மயிரிழை அளவு வெடித்திருந்தது. மூக்கு தூக்கும்போது அந்த இடம் எரிபொருள் மட்டத்துக்கு மேலே வந்து, காற்றை உறிஞ்சியிருக்கிறது. சில ரூபாய் குழாய்த் துண்டு! வருடக்கணக்கில் கிடந்த எஞ்சினை எடுப்பவர்கள், தயவுசெய்து முதல் நாளே எல்லாக் குழாய்களையும் மாற்றிவிடுங்கள்.

அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேலாக, மாதம் இரண்டு ஞாயிறாவது பறக்கிறது. காற்றில் ஒருமுறைகூட நின்றதில்லை. நீடில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, முழு வேகத்தில் எரிபொருள் குழாயை ஒரு நொடி அழுத்திவிடுவேன். வேகம் லேசாகக் கூடினால் போதுமான எரிபொருள் போகிறது. உடனே தொய்ந்தால் நீடிலை இரண்டு கிளிக் திறப்பேன். அன்றைய கடைசிப் பறப்பு முடிந்ததும் எரிபொருள் குழாயை உருவி, உள்ளே மிச்சமிருப்பது தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துகிறேன். பிறகு கார்புரேட்டரிலும் பிளக் துளையிலும் தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு விட்டு, கையால் இருபது சுற்று. இரண்டு நிமிட வேலை.

பின் பேரிங்கை மாற்றிய அன்றைக்கு, முன்பக்க பேரிங் நன்றாக இருந்ததால் அதை மாற்றவில்லை. இப்போது கையால் சுற்றும்போது லேசான சொரசொரப்பு தெரிகிறது. நம்பரைக் குறித்து வைத்திருக்கிறேன். இந்த ஐப்பசி மழைக்கு முன் அதையும் மாற்றிவிடுவேன்.