மர லேத்துக்கு பெல்ட் மாற்றக் கொடுக்கும் முன் பெல்ட்டின் வரிகளை எண்ணி வையுங்கள்

ஈரோட்டில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் 2,800 ரூபாய் கொடுத்து ஏமாந்துவிட்டேன். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வெட்பாலை மரத்தில் கடைந்த பதினொரு நடைவண்டிச் சக்கரங்கள் கறுத்து வீணாயின. மாற்றாத பேரிங்கை மாற்றியதாகச் சொல்லிக் காசு வாங்கினார்கள். இந்த இரண்டையும் என்னால் பொறுக்க முடியவில்லை. கோபி, சத்தி, பவானி என்று நம் பக்கம் மரத்தைச் சுழற்றிக் கடையும் சிறிய மர லேத் வைத்துப் பிழைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது தப்பிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. இதே வேலையைச் செய்யும் கடை அது ஒன்றுதான் என்று நான் நினைக்கவில்லை.

என்னுடையது விலை குறைந்த, மேசைமேல் வைத்து ஓட்டும் லேத். அரைக் குதிரைத்திறன் மோட்டார், வேகம் மாற்ற ஐந்து படி உள்ள புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம். ஆறு வருடமாக ஒரே பெல்ட்டில் ஓடியது. போன ஆயுத பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைக்கலாம் என்று பக்கவாட்டு மூடியைத் திறந்தேன். பெல்ட்டின் உட்புறம் குறுக்குக் குறுக்காக வெடித்திருந்தது. ஓரிடத்தில் நீளவாக்கில் ஓடும் ரப்பர் வரி பிய்ந்து நூல் தெரிந்தது.

பெல்ட்தானே, கழற்றி மாட்டிவிடலாம் என்று தோன்றும். இந்த வகை லேத்தில் அது அவ்வளவு எளிதில்லை. மரத்தைச் சுழற்றும் ஸ்பிண்டில் தண்டு இரண்டு பேரிங்குகளில் உட்கார்ந்திருக்கிறது, புல்லியும் பெல்ட்டும் அவற்றுக்கு நடுவே சிக்கியிருக்கின்றன. தண்டை உருவாமல் பழைய பெல்ட்டை வெளியே எடுக்கவும் முடியாது, புதியதை உள்ளே விடவும் முடியாது. தண்டை உருவ அன்று எனக்குப் பயம். நடைவண்டிக்கு ஆர்டர் வேறு கையில் இருந்தது. பக்கத்து வீட்டு டெம்போவில் லேத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டேன்.

விசைத்தறி மோட்டார்களுக்குக் கம்பிச் சுற்றுக் கட்டும் கடை அது. வாசலில் வேலை குவிந்து கிடந்ததைப் பார்த்து நம்பிக்கை வந்தது. மூன்றாம் நாள் போன் வந்தது. “அண்ணா, பேரிங் இரண்டும் போய்விட்டது, மாற்றிவிடலாமா?” சரி என்றேன். பெல்ட் 1,450, பேரிங் 900, கூலி 450 என்று வாயால் சொன்னார்கள். கையில் கொடுத்த துண்டுச் சீட்டில் ‘லேத் சர்வீஸ் 2,800’ என்று மட்டும் இருந்தது. பழைய பெல்ட்டைக் கேட்டேன், குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டில் ஓட்டிய முதல் நாளே ரப்பர் கருகும் வாடை அடித்தது. உளியை வைத்தால் மோட்டார் ஓடுகிறது, மரம் நிற்கிறது. உளியை எடுத்தால் சட்டென்று சுழல்கிறது. கை உளிமேல் இருக்கும்போது அப்படி நின்று நின்று சுழல்வது எவ்வளவு ஆபத்து என்பது கடைசல்காரர்களுக்குத் தெரியும். போனில் கேட்டதற்கு, “புது பெல்ட் அப்படித்தான் இருக்கும், மோட்டாரைக் கீழே அழுத்தி இறுக்குங்கள்” என்றார்கள். அழுத்தி இறுக்கினேன். நான்கே நாளில் மோட்டார் ஊளையிடத் தொடங்கியது. மூடியின் இடுக்கிலிருந்து கறுப்புத் தூள் கொட்டியது. வெட்பாலை தந்தம்போல் வெளுத்த மரம், சன்னபட்டணத்துப் பொம்மைகள் கடைவதும் அதில்தான். மெழுகு பூசிய சக்கரத்தில் அந்தத் தூள் ஒட்டியது, தேய்க்கத் தேய்க்க உள்ளே இறங்கியது. முப்பத்தாறு சக்கரங்களில் பதினொன்றை ஒதுக்கினேன்.

என் மாமனார் சிங்காநல்லூர்ப் பக்கம் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை வந்தவர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். “மாப்பிள்ளை, புல்லியில் எத்தனை வரி, பெல்ட்டில் எத்தனை வரி, எண்ணினீர்களா?”

எண்ணினேன். புல்லியில் ஆறு பள்ளம், பெல்ட்டில் நான்கு வரி.

இந்த இடத்தைப் பொறுமையாகப் படியுங்கள், ஏமாற்று வேலை முழுவதும் இதில்தான் ஒளிந்திருந்தது. நீளவாக்கில் வரி ஓடும் இந்தப் பெல்ட்டுகளில் பல அளவு உண்டு. சின்ன லேத்துகளில் பெரும்பாலும் வருவது பி.ஜே. வகை, வரிக்கு வரி இடைவெளி 2.34 மி.மீ. கார்களில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை ஓட்டும் பெல்ட் பி.கே. வகை, அதில் இடைவெளி 3.56 மி.மீ. ஆறு வரி பி.ஜே. பெல்ட்டின் அகலம் 14.04 மி.மீ., நான்கு வரி பி.கே. பெல்ட்டின் அகலம் 14.24 மி.மீ. அகலத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், புல்லியின் படியிலும் அழகாக உட்காரும். ஆனால் வரி பள்ளத்துக்குள் இறங்காது, மேட்டின் நுனிமேல் வழுக்கிக்கொண்டே ஓடும். எனக்கு வந்த வாடை, தூள், வழுக்கல் எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான். இறுக்கச் சொன்னதால் மோட்டார் பேரிங்கும் கெட்டது.

அன்றே மாமாவின் உதவியோடு தண்டை உருவினோம். மின்கம்பியைப் பிடுங்கி வைத்துவிட்டு, இடப்பக்கக் கைச்சக்கரத்தையும் தண்டைப் பிடித்திருந்த வளையத்தையும் கழற்றினோம். புல்லியைப் பிடிக்கும் இரண்டு சிறிய திருகுகளை ஆலன் சாவியால் தளர்த்தினோம். தண்டின் இடமுனையில் வேப்பமரக் கட்டை ஒன்றை வைத்து மரச் சுத்தியலால் மெல்லத் தட்டினோம். முன்பேரிங்கோடு தண்டு வலப்பக்கம் நகர்ந்து வந்தது. இரும்புச் சுத்தியலால் நேராகத் தண்டில் அடித்தால் முனை நசுங்கிவிடும். முழுவதும் உருவக்கூடத் தேவையில்லை, புல்லியைத் தாண்டி பெல்ட் நுழைய இடம் கிடைத்தால் போதும். அரைமணி நேர வேலை. இதற்கா டெம்போ பிடித்தேன் என்று நெஞ்சு எரிந்தது.

அந்த முன்பேரிங்கின் மூடியில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. சென்ற வருடம் சக்கரத்தைச் சுழலவிட்டுச் சிவப்பு எனாமல் பூசியபோது நான் தெறிக்கவிட்டது. பேரிங்கை அவர்கள் மாற்றவே இல்லை. அது நன்றாகத்தான் இருந்தது, கையில் சுற்றினால் சத்தமில்லாமல் சுழன்றது. போகாத பேரிங் போய்விட்டதாகப் பொய், மாற்றாததை மாற்றியதாக இன்னொரு பொய்.

மறுநாள் அந்தப் பெல்ட்டையும் பேரிங்கையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். “நாங்கள் போட்டது ஒரிஜினல்தானுங்க அண்ணா, நீங்கள் வேறு எங்கோ பிரித்திருக்கிறீர்கள்” என்றார் உரிமையாளர். நான் பிரித்ததும் உண்மைதான், அதனால் என் பேச்சு எடுபடவில்லை. சீட்டில் பெல்ட்டின் எண்ணும் இல்லை, பேரிங்கின் எண்ணும் இல்லை.

ஆகவே கொடுக்கும் முன்பே மூடியைத் திறந்து பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 280ஜே6 என்று இருந்தால் நீளம் 28 அங்குலம், ஆறு வரி என்று பொருள். அதையே 6பிஜே711 என்றும் அச்சிடுவார்கள், 711 என்பது மி.மீ. எழுத்து அழிந்திருந்தால் புல்லியின் பள்ளங்களை எண்ணுங்கள். மோட்டாரை நகர்த்தும் பிடியை நடுவில் நிறுத்தி, ஒரே படியில் வரும் இரண்டு புல்லிகளையும் சுற்றி நூலைப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். எங்கள் நூல் 71 செ.மீ. காட்டியது. அந்த அளவைச் சொல்லி கோயம்புத்தூரில் பெல்ட்டும் பேரிங்கும் விற்கும் கடை ஒன்றில் வாங்கினோம். விலை 390 ரூபாய், முறையான பில்லோடு. கடையிலேயே வரியை நகத்தால் தடவி எண்ணினேன்.

மாட்டியபின் இரண்டு புல்லிகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுத் திருகை முறுக்கினோம். என் லேத்தில் மோட்டார் தன் எடையிலேயே தொங்கி இழுக்கும் இழுப்பு பெல்ட்டுக்குப் போதுமானதாக இருக்கிறது. யார் சொன்னாலும் அதற்குமேல் அழுத்தாதீர்கள்.

கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பழைய பெல்ட்டும் பழைய பேரிங்கும் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போட்ட பொருளின் எண்ணோடு பில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமும் இல்லை. நான் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிந்திருக்கிறேன். அவர்கள் முதலில் கேட்டதும் பில்தான், என்னிடம் இருந்தது அந்தத் துண்டுச் சீட்டு.

அந்த நான்கு வரி பெல்ட்டைப் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன், பக்கத்தில் சரியான ஆறு வரி பெல்ட் ஒன்றும் தொங்குகிறது. லேத் வைத்திருக்கும் யார் வந்தாலும் இரண்டையும் கையில் கொடுத்து எண்ணச் சொல்கிறேன்.