கிளட்சா, பெல்ட்டா, பிரேக்கா: கருகும் வாடைக்கு யாரிடம் போவது?

வடசென்னை எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் ஊர்ந்து, காசிமேட்டை நெருங்கும்போது காருக்குள் ரப்பர் கருகும் வாடை வந்தது. முதலில் வண்டி மேல் சந்தேகமே வரவில்லை. மணலிக் காற்று, திருவொற்றியூர் டயர் தொழிற்சாலை, யாரோ கொளுத்திய குப்பை, முன்னால் போகும் லாரியின் பிரேக் என்று பழி போட நமக்கு ஆயிரம் இருக்கிறது. ஏசியை உள்காற்றுக்கு மாற்றினேன், வாடை குறைந்தது. ஊர் நாற்றம்தான் என்று நிம்மதியாகிவிட்டேன். அது தப்பு. பானெட்டுக்குள் கருகினாலும் அந்தக் காற்று வெளிக்காற்று வழியாகத்தான் உள்ளே வருகிறது. அடைத்தால் அதுவும் குறையும். ஓரங்கட்டி இறங்கி, பானெட் பக்கமும் நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் மூக்கை வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாளும் அதே வாடை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் செட் மாத்தணும் சார், கியர்பாக்ஸ் இறக்கணும்" என்றார்கள். எஸ்டிமேட் 14,000 ரூபாய். மூலக்கடையில் வழக்கமாகப் போகும் மெக்கானிக் பானெட்டைத் திறக்காமலே, "பெல்ட்டாத்தான் இருக்கும்ணா" என்றார். ஒரே வாடைக்கு இரண்டு தீர்ப்பு. கடைசியில் இரண்டுமே இல்லை.

வாடை எப்போது வருகிறது என்பதை வைத்தே பாதி பிரித்துவிடலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும், ஏசி போட்டதும், மழைத் தண்ணீரில் இறங்கி ஏறியதும் 'கீச்' என்ற சத்தத்தோடு வந்தால் எஞ்சின் பெல்ட். வியாசர்பாடி சுரங்கப்பாதைத் தண்ணீரில் போய் வந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு பெல்ட்டின் உள்பக்கம் பாருங்கள்: கண்ணாடி மாதிரி மினுமினுப்பும், பக்கத்தில் கறுப்புத் தூளும் இருந்தால் வழுக்குகிறது என்று அர்த்தம். வெடிப்பு இல்லையே என்று விட்டுவிடக் கூடாது, இப்போது வரும் பெல்ட்கள் வெடிக்காமலே தேய்கின்றன. இன்னொன்று, பெல்ட்டை மட்டும் மாற்றி, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பார்க்காமல் விட்டால் புது பெல்ட்டும் சீக்கிரமே கத்தும்.

கிளட்ச் வாடை உண்மையில் ரப்பர் இல்லை. பழைய பேப்பர் கருகுகிற மாதிரி இருக்கும். ஹாஃப் கிளட்சில் ஊர்ந்தால், மேம்பாலத்து ஏற்றத்தில் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தினால் வரும். ஒருநாள் வந்து போனால் பெரிய விஷயமில்லை. சந்தேகம் இருந்தால் காலி இடத்தில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் செட் செலவுக்குத் தயாராகலாம். ஒரே ஒரு தடவை போதும், இந்தச் சோதனையே கிளட்ச்சைத் தின்னும். என் வண்டி 'டக்' என்று அணைந்தது. 14,000 ரூபாய் எஸ்டிமேட்டை அங்கேயே மடித்து வைத்தேன்.

மிச்சம் பிரேக். பத்து நிமிடம் ஓட்டி, முடிந்தவரை பிரேக் மிதிக்காமல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனேன். முன் இடது சக்கரத்தில் மட்டும் அடுப்புச் சூடு. விளிம்பில் நாலு சொட்டு தண்ணீர் தெளித்ததும் 'சுர்' என்றது. யோசித்துப் பார்த்தால் கொஞ்ச நாளாகவே வண்டி இடதுபக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. சாலைதான் சரிவு என்று நினைத்திருந்தேன்.

மறுபடி மூலக்கடை. சக்கரத்தைக் கழற்றியதும் மெக்கானிக் சிரித்துவிட்டார். பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிபர் நகர வேண்டிய பின் (ஊசி மாதிரியான கம்பி) துருப்பிடித்து இறுகியிருந்தது. அதன் ரப்பர் உறை கிழிந்து உள்ளே உப்புப் பூத்திருந்தது. உள்பக்க பேட் பிஸ்கட் தடிமனுக்குத் தேய்ந்திருந்தது, வெளிப்பக்கம் ஏறக்குறைய புதுசு. கடற்கரை ஓரம் வருடக்கணக்கில் நிறுத்தும் வண்டிக்கு இதெல்லாம் சகஜம்ணா என்றார். பின்னை உப்புத்தாளால் தேய்த்து, சிலிகான் கிரீஸ் வைத்து, உறை மாற்றி, இரண்டு முன்சக்கரத்துக்கும் புது பேட் போட்டு 1,850 ரூபாய். இதே வேலைக்கு சர்வீஸ் சென்டரில் பிறகு விசாரித்தேன். பின்னைச் சுத்தம் செய்ய மாட்டார்களாம், காலிபரையே முழுசாக மாற்றுவார்களாம்.

அதற்காகக் கம்பெனியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரண்டி இருந்தால் அங்கேதான் போக வேண்டும். கியர்பாக்ஸ் இறக்கும் வேலைக்கும் நான் அங்கேதான் போவேன், பில்லும் பொறுப்பும் இருக்கும். பெல்ட், பிரேக் பின் போன்றவற்றுக்குத் தெரிந்த மெக்கானிக் போதும், கூடவே நின்று பார்க்கலாம். சாமானை, உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நாமே வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் கண்ணாடியோ கதவோ வாங்குங்கள், பிரேக் சாமான் மட்டும் வேண்டாம்.

வாடை ரப்பராக இல்லாமல் பிளாஸ்டிக் உருகுகிற மாதிரி இருந்தால் கதையே வேறு. அது ஒயர். துறைமுகத்து எலிகளுக்கு பானெட்டுக்குள் என்ன ருசியோ தெரியவில்லை. அப்போது உடனே நிறுத்தி, எஞ்சினை அணைத்து இறங்கிவிட வேண்டும். புகை இல்லையென்றால் மட்டும் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஃப்யூஸ் போகிறதே என்று பெரிய ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுக் கொடுப்பவரிடம் மட்டும் வண்டியை விடாதீர்கள்.