குன்றா, குளக்கரையா?

விடுமுறை நாள் காலையில் நாலு மணி நேரம் கிடைக்கிறது. ஊரறிந்த பெரிய பூங்காவுக்குப் போனால் வண்டி நிறுத்த இடம் தேடியே அதில் ஒரு பங்கு போய்விடும். அதனால் அதிகம் பேர் அறியாத சின்னப் பூங்கா ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுகிறோம். தேடினால் பெரும்பாலும் இரண்டு வகைதான் கண்ணில் படும். ஒன்று, மரமடர்ந்த ஒரு குன்றும் அதில் ஏறிப்போகும் ஒற்றையடிப் பாதையும். இன்னொன்று, ஒரு குளமோ ஏரியோ, அதைச் சுற்றிவர ஒரு கரை. இரண்டுக்கும் நான் பல வருடங்களாகப் போய் வருகிறேன். இரண்டும் தரும் சுகம் வேறு, கேட்கும் உழைப்பும் வேறு.

முதலில் நேரக் கணக்கு. குன்றுக்குப் போகிறவர்கள் தூரத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடுவார்கள். இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நைஸ்மித் என்ற மலையேறி 1892-இல் சொன்னது: மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். அதாவது 100 மீட்டர் ஏற்றத்துக்குப் பத்து நிமிடம். உச்சிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றம் 200 மீட்டர் என்றால் 48-ம் 20-ம் சேர்ந்து 68 நிமிடம். இது நிற்காமல் நடக்கும் ஆளுக்கு. குழந்தைகளோடு போனால் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்வது நல்லது. குளக்கரையில் இந்தக் கவலை இல்லை, அலுத்த இடத்தில் திரும்பிவிடலாம். பாதிச் சுற்றைத் தாண்டிவிட்டால் மட்டும் முன்னால் போவதுதான் பக்கம்.

மேலே ஏறினால் குளுகுளுவென்று இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். சராசரியாக 1000 மீட்டர் உயரத்துக்கு 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். அப்படியானால் 200 மீட்டர் குன்றில் குறைவது ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அங்கே நாம் உணரும் குளிர்ச்சி மரநிழலும், இலைகள் வெளிவிடும் ஈரமும் தருவது. ஆகவே மரம் இல்லாத மொட்டைக் குன்று என்றால் அந்தச் சுகமும் கிடையாது. குளக்கரையிலும் வெயில் ஏறிவிட்டால் தலைக்கு மேல் ஒரு சூரியன், தண்ணீருக்குள் ஒரு சூரியன், கண் கூசும். காலை பத்து மணிக்குப் பிறகுதான் கிளம்ப முடியும் என்றால் மரமடர்ந்த குன்றுக்கே போங்கள். அந்த நேரத்தில் அதற்கு ஈடு இல்லை.

மழை பெய்த மறுநாளும் குன்றுக்குத்தான் என் ஓட்டு. காட்டுப் பாதைக்குள் நுழைந்ததுமே மண்வாசனை ஆளைப் பிடித்து நிறுத்திவிடும். மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அந்த வாசனைக்கு முக்கியக் காரணம். ஆனால் அதே ஈரத்தில் உதிர்ந்த இலைகள் வழுக்கும். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதோ முழங்கால் பேசும். அடி தேய்ந்த செருப்போடு போய் ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியிருக்கிறேன். இருட்டுவதற்குள் கீழே வந்துவிட வேண்டும் என்று நினைத்துக் கிளம்பினால் போதாது. மரங்களுக்குக் கீழே வெளியைவிட முன்னதாகவே இருட்டிவிடும்.

சரி, குளக்கரைக்கு வருவோம். இங்கே நடப்பதைவிட உட்காருவதில்தான் விஷயம் இருக்கிறது. நான் அடிக்கடி போகும் கரையில், தண்ணீருக்குள் பட்டுப்போன மரம் ஒன்று நிற்கிறது. அதில் ஒரு நீர்க்காகம் இரண்டு சிறகுகளையும் அகல விரித்து, துணி காயப்போட்டதுபோல நின்றுகொண்டிருக்கும். அதன் இறகின் வெளிப்பகுதி நனைந்துவிடும். அதனால் மிதப்பு குறைந்து முங்குவது சுலபமாகிறது. மேலே வந்ததும் இப்படிக் காய வேண்டியிருக்கிறது. அதற்குக் கீழ்க்கிளையில் மீன்கொத்தி. அசையாமல் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்த ஒரு நாளில், அது சட்டென்று தண்ணீரில் விழுந்து, மீனோடு அதே கிளைக்குத் திரும்பியது. மீனை இரண்டு பக்கமும் கிளையில் அடித்து, தலை முன்னால் வரும்படி திருப்பிப் பிடித்து விழுங்கியது. நடந்துகொண்டே இருந்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

பறவை பார்க்கப் போகிறவர்கள் கரையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள், மாலையில் மேற்குக் கரையிலிருந்து கிழக்கே. சூரியன் முதுகுப்பக்கம் இருந்தால்தான் இறகின் நிறம் தெரியும். எதிர்ப்பக்கம் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல்தான். மாலையில் கொசு வரும், முழுக்கைச் சட்டை நல்லது. வயதானவர்களோ சக்கர நாற்காலியில் வருகிறவர்களோ உடன் இருந்தால், கரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கிறதா என்று ஒருவர் முன்னால் போய்ப் பார்த்து வரலாம். குன்றுப் பாதைகளில் பெரும்பாலும் அவர்களுக்கு வழியே இருப்பதில்லை. என்னைப் பொறுத்தவரை இது சின்ன வித்தியாசம் இல்லை.

ஆற்றோரப் பூங்கா என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அழகுதான், ஆனால் மேலே எங்கோ பெய்த மழைக்கு இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும். மழைக்காலத்தில் குழந்தைகளோடு நான் போகமாட்டேன்.

இடி மின்னலுக்கு எதுவும் சரியில்லை. உச்சியும் ஆபத்து, திறந்த கரையும் ஆபத்து, தனி மரத்தடி அதைவிட மோசம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். உடனே கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம்.

இரண்டில் ஒன்றைச் சொல் என்றால், குளக்கரையைத்தான் சொல்வேன். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் திரட்டிய தகவலை வைத்து 2019-இல் ஒரு ஆய்வு வந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்கள், அப்படிப் போகாதவர்களைவிடத் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொன்னது கூடுதலாக இருந்தது. அந்த நேரத்தை ஒரே தடவையில் கழித்தாலும் பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. குன்றுக்கு ஒரு முழுக் காலை வேண்டும். குளக்கரைக்கு வேலை முடிந்து வரும் வழியில் அரை மணி நேரம் ஒதுக்கினாலும் போதும். அப்புறம், குன்று தன் காட்சியை முதல் தடவையே முழுசாகக் காட்டிவிடுகிறது. குளத்தில் தண்ணீர் ஏறும், வற்றும், சேறு தெரியும், அதற்கேற்றபடி வேறு வேறு பறவை வந்து இறங்கும். நாலாவது தடவை போகும்போதுதான் எனக்கு அது பிடிபட ஆரம்பித்தது.

குன்றுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வளைந்து வளைந்து ஏறும் பாதையில் குறுக்கே இறங்காதீர்கள். நாலு பேர் மிதித்துப் புல் போன இடத்தில் மழைத்தண்ணீர் ஓடி மண்ணை அரித்துவிடும், அடுத்த வருடம் அங்கே ஒரு பள்ளம் இருக்கும். ஆள் நடமாட்டம் குறைந்த பூங்காவில் அதைச் சரிசெய்ய யாரும் சீக்கிரம் வருவதில்லை.