ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100வி: எடுக்கும்போதே படத்தை முடிக்க நினைப்பவர்களுக்கு

2020-இல் வந்த கேமரா. 23 மி.மீ. எஃப்/2 லென்ஸைக் கழற்ற முடியாது, ஜூமும் இல்லை. சட்டகத்தை நடந்துதான் சரிசெய்ய வேண்டும். பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்ற பழக்கம் தானாகக் குறையும்.

இதன் பெரிய பலம் உள்ளேயே இருக்கும் 4 ஸ்டாப் என்டி ஃபில்டர்; வெளிச்சத்தை 16-இல் ஒரு பங்காகக் குறைக்கும் வடிகட்டி அது. உச்சி வெயிலில் வெள்ளை வேட்டியும் திண்ணை நிழலும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் டைனமிக் ரேஞ்சை (வெளிச்சமும் நிழலும் சேர்ந்து பதியும் அளவு) டிஆர்400-இல் வையுங்கள். அதற்கு ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) குறைந்தது 640 வேண்டும். அந்த வெயிலில் லென்ஸை எஃப்/2-க்கு முழுதாகத் திறந்தால் ஷட்டர் ஏறக்குறைய 1/40,000 நொடி கேட்கும். மெக்கானிக்கல் ஷட்டரின் எல்லையோ 1/4000. என்டியைப் போட்டால் 1/2500-க்கு வந்துவிடும். எலக்ட்ரானிக் ஷட்டருக்குப் போனால், சென்சார் வரிவரியாகப் படிப்பதால் ஓடும் வண்டி சாய்ந்து பதியும்.

கேமராவே பதப்படுத்தித் தரும் ஜேபெக்கில் பலர் சறுக்குவது ஒயிட் பேலன்ஸில், அதாவது ஒளியின் நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பில். ஆட்டோவில் விட்டால் அந்தி வெளிச்சத்தின் மஞ்சளைக் கேமரா குறைத்துவிடக்கூடும். டேலைட்டில் நிறுத்துங்கள். கேமராவில் உள்ள ஃபிலிம் சாயல்களில் ஒன்றான கிளாசிக் நெகட்டிவ் இயல்பிலேயே அழுத்தமான நிறம். நிழற்பகுதியின் அழுத்தத்தை மாற்றும் ஷேடோ அமைப்பை -1 ஆக்கினால் கரிய முகங்களில் விவரம் தங்கும். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டினால் எக்ஸ்போஷரை -2/3 இறக்குங்கள். வெளுத்துப்போன வானத்தை எந்த மென்பொருளும் மீட்காது.

குறைகளும் உண்டு. நடுக்கத் தடுப்பு இல்லாததால் 1/60-க்குக் கீழே கவனம் தேவை. மழைத் தாங்குதிறன் முழுமையாகக் கிடைக்க அடாப்டர் வளையமும் 49 மி.மீ. ஃபில்டரும் தனியாக வாங்க வேண்டும். இந்த விலைக்கு அவற்றைப் பெட்டியிலேயே கொடுத்திருக்க வேண்டும்.